தலைக்கு இரண்டு முட்டை

அன்று காலை கோணங்குடியில் மாஸ்டர் தவசியப்பன் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள். டிரம்பெட் ஊதும் மாஸ்டர் தவசியப்பன், அவருக்கு முழு வழுக்கை. பெரிய டிரம் அடிக்கும் ஒச்சப்பன். சின்ன டிரம் அடிக்கும் குழந்தைசாமி. ஜால்ரா போடும் எட்டியப்பன். கிளாரினெட் வாசிக்கும் சுடலைமணி. ஊரில் இருந்த ஒரே பேண்டு குழு இதுதான். ஆக ஐந்து பேர். முருங்கை மரத்தில் ஒரு கிடா கட்டியிருந்தது. அதை ஆளாகச் சேர்ப்பதா என்பது பிறகு முடிவாகும்.

சுடலைமணியின் தலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கன்னங்கரேலென்று அடர்ந்த சுருட்டை முடி. ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங். காதில் செருகிய பென்சில் உள்ளே போனால் தானாக மனம் வைத்து வெளியே வந்தால்தான் உண்டு.

அன்று மாலை அவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப் போயிருந்தன. இந்தப் பெண்ணின் போட்டோவை அவன் சட்டைப் பையில் வைத்து, குனியும்போதெல்லாம் கையால் பொத்திக்கொண்டான். தரகர் பரமானந்தம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பையன் பேண்டு உடுப்புல, தலையில தொப்பியோட நிக்கணும். பெண்ணோட அப்பா கணக்குல தொப்பி இருந்தாத்தான் உத்தியோகம். தொப்பி இல்லேன்னா இந்த இடமும் இல்லை."

உடுப்பு சரியாக இருந்தது. தொப்பிதான் தலையில் உட்காரவில்லை. வைத்தால் சற்று நேரம் யோசிக்கும். பிறகு முடி அதை மெல்ல மேலே தூக்கி, பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒச்சப்பன் நல்ல கனம். தொப்பியை வைத்து அதன்மேல் அவனே உட்கார்ந்து பார்த்தான். அவன் எழுந்தான், தொப்பியும் கூடவே எழுந்தது.

"முடியை நேராக்குனாத்தான் உண்டு" என்றார் மாஸ்டர். டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் தன் அக்கா தமயந்திக்குப் போன் போட்டார். ஐந்து பேரும் காதை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"இதுக்கா இத்தனை பேர் மூச்சு விடுறீங்க?" என்றாள் தமயந்தி. "வீட்டுலயே செய்யலாம்டா. தலைக்கு ரெண்டு முட்டை. நல்லா அடிச்சுத் தலையில போடுங்க. காஞ்சதும் பச்சைத் தண்ணியில அலசுங்க. அப்புறம் பெரிய சீப்பா ஒண்ணு வாங்கி, மெதுவா வாருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. சொன்னதை மட்டும் செய்யுங்க."

சொன்னதை மட்டும் செய்வது என்று தீர்மானம் ஆயிற்று.

"தலைக்கு ரெண்டுன்னாங்க. நாம அஞ்சு பேர். பத்து முட்டை" என்றான் குழந்தைசாமி. கணக்கில் அவன் புலி.

"சுருட்டை எனக்கு மட்டும்தானே?" என்றான் சுடலைமணி.

"அப்படின்னா 'சுடலைக்கு ரெண்டு'ன்னு சொல்லியிருப்பாங்களே. தலைக்குன்னாங்க. உனக்கு மட்டும்தான் தலை இருக்கா? என்னடா பேச்சு இது!"

ஒச்சப்பனுக்கு ஒரு சந்தேகம். "மாஸ்டருக்கு முடியே இல்லையே?"

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "முடிக்குன்னா சொன்னா? தலைக்குன்னு சொன்னா. கூடப் பிறந்தவடா. என்னை விட்டுருவாளா?"

எல்லோரும் வெட்கப்பட்டார்கள். அப்போது கிடா கத்தியது. அதற்கும் தலை இருப்பதை எட்டியப்பன் சுட்டிக்காட்டினான். மறுக்க முடியவில்லை. ஆகத் தலை ஆறு, முட்டை பன்னிரண்டு. கடைக்காரர் அட்டையாகத்தான் தருவேன் என்றதால் முப்பது வாங்கி வந்தார்கள்.

அடுத்து "நல்லா அடிச்சுத் தலையில போடுங்க" என்பது. அடிப்பதற்கென்றே அந்தக் குழுவில் இரண்டு பேர் இருந்தது பெரிய வசதி.

"சின்னக் குச்சியா, பெரிய குச்சியா?" என்றான் குழந்தைசாமி.

"நல்லா அடிக்கணும்னாங்க. அப்ப பெரியதுதான்" என்று ஒச்சப்பன் தன் குச்சியை எடுத்தான். அதன் நுனியில் தேங்காய் அளவுக்குப் பஞ்சுருண்டை கட்டியிருக்கும். எட்டியப்பன் ஜால்ரா பிடிப்பதுபோல் தலைக்கு மேல் முட்டைகளைப் பிடிக்க, ஒச்சப்பன் தாளம் தவறாமல் ஒரு போடு போட்டான். டம். அடுத்தவர். டம். மாஸ்டர் தலையில் மட்டும் சத்தம் சுத்தமாக வந்தது. "இன்னைக்குத்தான் சுருதி சேர்ந்திருக்கு" என்று ஒச்சப்பன் மனதாரப் பாராட்டினான். கிடா இரண்டு முறை முட்டியது. அதை அது நன்றியாகச் செய்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெயிலில் ஊர்வல வரிசையில் நின்று காய்ந்தார்கள். காய்ந்ததும் சுடலைமணியின் தலை மேளம்போல் இறுகிவிட்டது. முடி முன்பைவிடச் சுருண்டிருந்தது.

"இன்னும் தண்ணி பாக்கி இருக்கே. அதுக்குள்ள அவசரப்படாதே" என்றார் மாஸ்டர்.

எட்டியப்பன் குழாயைத் திறந்து பார்த்தான். "மாஸ்டர், இதுல நிறமே இல்லை."

"பச்சையா இருக்கணுமேடா."

குழந்தைசாமி கண்ணை மூடி யோசித்தான். "ஊருணித் தண்ணி பாசி பிடிச்சுப் பச்சைப்பசேல்னு கிடக்கு."

"இளம்பச்சையா, கரும்பச்சையா? அக்கா அதைச் சொல்லலையே" என்றான் ஒச்சப்பன். அரைமணி நேரம் இதைப் பேசினார்கள். கடைசியில், கல்யாண விஷயம் என்பதால் கொஞ்சம் அழுத்தமான நிறமே நல்லது என்று முடிவாயிற்று. படித்துறை ஓரமாகக் கையால் பாசியைக் கூட்டி, கெட்டியாக ஆறு வாளி கொண்டுவந்தார்கள். தலைக்கு ஒரு வாளி.

அலசி முடித்தபோது கிடாவின் தாடி ஈர்க்குச்சிபோல் நேராக நின்றது. சுடலைமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு மட்டும் எப்படி மாஸ்டர் பலிச்சுது?"

"அது உன்னை மாதிரி கேள்வி கேட்டுச்சா? இல்லைல்ல?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. சுடலைமணி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் சீப்பு வாங்கிட்டு வாங்கடா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான். எட்டியப்பன் கடைத்தெருவுக்கு ஓடினான். திரும்பும்போது தோளில் பெரிய சீப்பு ஒன்று இருந்தது. பதினாறு பழம், நன்றாகப் பழுத்த பூவன்.

"இதைவிடப் பெரிய சீப்பு தாரிலேயே இல்லையாம்" என்றான்.

"மெதுவா வாரணும்" என்று மாஸ்டர் நினைவூட்டினார். மெதுவாகத்தான் வாரினார்கள். முதல் வாரலில் மூன்று பழம் உள்ளே போயிற்று. அவற்றை எடுக்க வாரியதில் ஐந்து போயிற்று. கடைசியில் எட்டியப்பன் கையில் காம்பு மட்டும் நின்றது. குழந்தைசாமி தொப்பியை எடுத்துச் சுடலைமணி தலையில் வைத்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

தொப்பி உட்கார்ந்தது. பழத்தின்மேல் பசைபோல ஒட்டி, அசையாமல் உட்கார்ந்தது. சுடலைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பாசியும் கண்ணில் போயிருந்தது.

அந்த நேரத்தில் பெண் வீட்டார் வந்து சேர்ந்தார்கள். தரகரோடு ஒன்பது பேர். பெண்ணின் அப்பா நல்லதம்பி தொப்பியைப் பார்த்தார். "உத்தியோகஸ்தப் பையன்தான்" என்றார். பச்சை நிறத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதுவும் உடுப்பில் சேர்ந்தது என்று நினைத்திருக்கலாம். பாய் விரித்ததும் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நல்லதம்பி பசியோடு வந்தவர். முற்றத்து ஓரம் இருந்த முட்டை அட்டை அவர் கண்ணில் பட்டது.

"முட்டையெல்லாம் பலமா இருக்கே?"

"தலைக்கு ரெண்டுங்க" என்றான் குழந்தைசாமி பணிவாக. "நாங்க ஆளுக்கு ரெண்டு முடிச்சுட்டோம்."

நல்லதம்பிக்கு முகம் மாறிவிட்டது. "நல்லா இருக்கு நியாயம்! சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு இல்லையா? நாங்க என்ன தலை இல்லாமலா வந்திருக்கோம்?"

மாஸ்டர் பதறிப்போனார். சுடலைமணி கை கூப்பி, "மாமா, தப்பா நினைக்காதீங்க. இப்பவே போட்டுடுறோம்" என்றான்.

"போடுங்க, போடுங்க. நல்லாப் போடுங்க" என்றார் நல்லதம்பி. "எல்லாரும் சாமி கும்பிட்டுக்குங்கப்பா." ஒன்பது பேரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள்.

எட்டியப்பன் முட்டையை எடுத்தான். ஒச்சப்பன் குச்சியை எடுத்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் வேகத்தில் அடித்துக்கொண்டே போனான். டம், டம், டம். முதல் ஆள் வாயைத் திறப்பதற்குள் எட்டாவது ஆள் முடிந்துவிட்டது. கடைசியில் இருந்த தரகர் பரமானந்தம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எழுந்து ஓடினார். அவர் பின்னால் மற்ற எட்டுப் பேரும் ஓடினார்கள்.

முற்றத்தில் மறுபடி ஆறு தலைதான் இருந்தன.

"பொண்ணு தர்றாங்களா மாஸ்டர்?" என்றான் சுடலைமணி.

மாஸ்டர் நிதானமாக யோசித்தார். "தர மாட்டோம்னு யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலை."

"அப்ப சம்மதம்தான். சமாச்சாரம் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடுறாங்க."

எல்லோரும் சுடலைமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குழந்தைசாமி மட்டும் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தரகர் பங்கை வாங்காமப் போயிட்டாரே. பாவம், இத்தனை அலைஞ்ச மனுஷன்" என்றான்.

"எடுறா குச்சியை" என்றார் மாஸ்டர். ஐந்து பேரும் அவரைத் தேடிப் புறப்பட்டார்கள். இரவு வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

மிச்சம் இரண்டு முட்டை.