ஏழாவது இடம்

"டீச்சர், இங்கே நடக்கிறது பந்தயமே இல்லீங்க" என்றார் திருமலைசாமி.

ரெஜினா டீச்சர் முட்டி போட்டு ஓடுதளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பின்னே என்னங்க சார்?"

"வேகமான மோட்டாரும் மெதுவான மோட்டாரும் ஒண்ணா ஓடுது. நூத்தெழுபது கிராம் காரும் இருநூறு கிராம் காரும் ஒண்ணா ஓடுது. ஜெயிக்கிறது ஆளா, சாமானா? எனக்குப் புரியலீங்க."

"என்ன பண்ணலாங்கறீங்க?"

"நியாயமா பிரிக்கணும்."

டீச்சர் துணியை வாளியில் பிழிந்தார். தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"பிரிங்க" என்றார்.

சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் கிடங்கு அது. பஞ்சுப் பொதிகள் இருந்த இடத்தில் ரப்பர் விரிப்புப் போட்டு, பிளாஸ்டிக் விளிம்பு கட்டி, வளைந்து வளைந்து போகும் ஒரு சின்னச் சாலையை டீச்சர் அமைத்திருந்தார். உள்ளங்கை நீளமே உள்ள ரிமோட் கார்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஓடும். ஓட்டுகிறவர்கள் பத்தொன்பது பேர்.

டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. வாரநாட்களில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். திருமலைசாமிக்கு ஐம்பத்தெட்டு. பம்புசெட் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். மயிரிழை அளவு தப்பினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற வேலை. அந்த வேலை முடிந்த பிறகு கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் ஒவ்வொரு வளைவிலும் அவர் கார் விளிம்பில் மோதும். ஒருநாள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காரைப் பார்க்காதீங்க சார். கார் போகப்போற இடத்தைப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கே மோதல் பாதியானது. அன்றிலிருந்து அவர்தான் குரு. தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவர் என்ற கூச்சமெல்லாம் திருமலைசாமிக்கு இல்லை.

எதையும் விளக்கிச் சொல்வது டீச்சருக்கு வழக்கமில்லை. ஒரு வார்த்தை சொல்வார். அல்லது ஒன்றைச் செய்து காட்டுவார். மீதியை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலேயே அவர்மேல் எல்லோருக்கும் ஒரு பயம் கலந்த மரியாதை.

திருமலைசாமி தராசு வாங்கிவந்தார். டயரின் அகலம் அளக்கக் கருவி கொண்டுவந்தார். மோட்டாரைக் கழற்றிச் சுற்றவிட்டு வேகம் பார்த்தார்.

முதலில் மூன்று பிரிவு போட்டார்.

மூன்றாவது பிரிவில் புது பேட்டரிக்காரர்களும் பழைய பேட்டரிக்காரர்களும் இருந்தார்கள். அது நியாயமில்லை. ஐந்து பிரிவானது.

ஐந்தில் மிருதுவான டயரும் கெட்டி டயரும் கலந்திருந்தன. எட்டானது.

சித்திரை முடிவதற்குள் பதினொரு பிரிவு. தடித்த அட்டையில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

டீச்சர் மேலிருந்து கீழாகப் படித்தார்.

"மொத்தம் எத்தனை பேருங்க சார் நாம?"

"பத்தொன்பது."

"இன்னும் எட்டுப் பிரிவு போட்டா வேலை முடிஞ்சுது."

திருமலைசாமி யோசித்தார். "பார்க்கறேன் டீச்சர்" என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. போய்விட்டார்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் பொன்னுலிங்கம்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ் ஓட்டியவர். இருபத்தாறு வருஷம் அதே மலை, அதே வளைவுகள். ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்ற மறுவருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நிஜ வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் இந்தப் பொம்மை வண்டிக்கு வந்தார்.

ரிமோட்டில் வலது கைப் பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் கார் திரும்பும். அவர் கை நடுங்க, கார் பாம்பு மாதிரி நெளியும். அதற்காகத் தன் காருக்குள் கைரோ என்ற சின்னச் சில்லு ஒன்றைப் பொருத்தியிருந்தார். நகத்தளவுதான் இருக்கும். காரின் பின்பக்கம் அலைந்தால் அதுவே பிடித்து நேராக்கும்.

அட்டை ஒட்டியாகிவிட்டது; பிரிவுகள் தொடங்குமுன் எல்லோரும் ஒன்றாக ஓடிய கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழாவதாக வந்தார். எட்டாவதாக வந்தவர் ஜவஹர். செல்போன் கடை வைத்திருப்பவர்.

"அவர் கார்ல கைரோ இருக்குங்க" என்று ஜவஹர் சத்தமாகச் சொன்னார். "கார் தானா ஓடுது. நாங்க கையால ஓட்டறோம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திருமலைசாமி காரை வாங்கி மேல்மூடியைக் கழற்றினார். இருந்தது.

"ஏனுங்க, இதை நான் மறைக்கலையே" என்றார் பொன்னுலிங்கம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

திருமலைசாமி டீச்சரிடம் போனார். "என்ன பண்றதுங்க டீச்சர்?"

டீச்சர் மேஜைமேல் இருந்த தராசை எடுத்தார். அதை அவர் முன்னால் தள்ளி வைத்தார்.

"இதுல எல்லாத்தையும் நிறுத்துப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேனுங்க. கைரோவோட சேர்த்து நூத்தெண்பத்தொரு கிராம்."

டீச்சர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி" என்றார்.

அடுத்த வாரம் சுவரில் பன்னிரண்டாவது பிரிவு வந்தது. கைரோ உள்ள கார்கள்.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு கார்.

"கை நடுங்கறவருங்க" என்று யாரோ முனகினார்கள்.

"நான் அளக்கறது காரை. ஆளை இல்லை" என்றார் திருமலைசாமி. சொன்னபோது அது அவருக்கு மிகவும் நேர்மையான வாக்கியமாகப் பட்டது.

பொன்னுலிங்கம் தனியாக ஓட்டினார். விளக்கு பச்சையானது. ஒரு கார் கிளம்பியது. இருபது சுற்று. அந்தப் பெரிய கிடங்கில் ஒற்றை மோட்டாரின் ஓசை மட்டும் கேட்டது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். முதல் இடம்.

மறு வாரமும் முதல் இடம்.

மூன்றாவது வாரம் கை தட்டுவதற்கு யாரும் நிற்கவில்லை. டீக்குப் போய்விட்டார்கள்.

பொன்னுலிங்கம் காரைப் பெட்டியில் வைத்தார். பெட்டியைச் சாத்த முடியாமல் கை ஆடியது. திருமலைசாமி சாத்திக் கொடுத்தார்.

"ஐயா" என்றார் பொன்னுலிங்கம். "ஒண்ணு கேட்கலாமுங்களா?"

"கேளுங்க."

"யாராச்சும் என்னைத் தோற்கடிக்கிற மாதிரி ஒரு இடத்துல என்னைப் போட முடியுமுங்களா?"

"கைரோவோட இன்னொருத்தர் வரட்டுமுங்க. வந்ததும் சேர்ந்து ஓடலாம்."

"சரிங்க."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

திருமலைசாமி டீச்சரிடம் சொன்னார். "பொன்னுலிங்கம் வர்றதில்லைங்க."

"அப்படியா?" என்றார் டீச்சர். ஒரு காரின் அச்சைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஏன் வரலைன்னு யோசிச்சீங்களா?"

"உடம்பு முடியலையோ என்னமோ."

டீச்சர் எண்ணெயைத் துடைத்தார்.

ஆடி போய் ஆவணி போனது. வேறு சிலரும் வருவதை நிறுத்தினார்கள். நான்கு பிரிவுகளில் ஒவ்வொருவர்தான் இருந்தார்கள். ஒவ்வொருவரும் முதலாவதாக வந்தார்கள். யாருக்கும் சந்தோஷம் இல்லை. பத்தொன்பது பேர் பதின்மூன்று ஆனார்கள்.

திருமலைசாமிக்குத் தூக்கம் கெட்டது. எல்லாம் சரியாக அளக்கப்பட்டிருந்தது. எங்கே தப்பு?

புரட்டாசியில் ஒருநாள் கிடங்குக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வருஷத்துப் பந்தய முடிவுகள் அத்தனையையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பழைய இன்ஸ்பெக்‌ஷன் கண்ணோடு ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டார்.

பொன்னுலிங்கத்தின் பெயருக்கு வந்தார்.

ஏழு. எட்டு. ஏழு. ஒன்பது. ஏழு.

எல்லோரோடும் சேர்ந்து ஓடியபோது, கைரோ இருந்தும் அவர் ஒருநாள்கூட ஏழுக்கு மேலே வந்ததில்லை.

அந்தச் சில்லு அவரை யாருக்கும் முன்னால் கொண்டுபோகவில்லை. கூட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

திருமலைசாமி வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பன்னிரண்டு பிரிவுகளையும் அடித்தார். இரண்டே இரண்டு எழுதினார். மோட்டார் பற்றி ஒரு வரி இல்லை. டயர் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு சுற்றுக்கு யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்களோ, அந்த நேரத்துக்கு அருகில் இருப்பவர்களோடு ஓடவேண்டும்.

சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்து முகவரி பார்த்தார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினார்.

கிணத்துக்கடவில் இறங்கி, மார்க்கெட்டைத் தாண்டி, ஓட்டு வீடு. கதவைத் திறந்தது பொன்னுலிங்கத்தின் மனைவி சரோஜா.

"கார் ஓட்டுற எடத்துல இருந்து வர்றீங்களா?" என்றார். குரலில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை. "வாங்க."

பொன்னுலிங்கம் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். வலது கை மடிமேல் கிடந்தது. நடுக்கம் இல்லை.

"வாங்கய்யா, வாங்கய்யா" என்றார். வார்த்தைகள் குழைந்து வந்தன.

"கை நடுக்கம் நின்னுடுச்சுங்களா?" என்றார் திருமலைசாமி. நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆறுதல்.

சரோஜாதான் பதில் சொன்னார்.

"ஆவணியில பாத்ரூம்ல விழுந்துட்டாருங்க. மணிக்கட்டு ஒடைஞ்சு மாவுக்கட்டு போட்டாங்க. கட்டைப் பிரிச்சா விரல் மடங்க மாட்டேங்குது. வியாதியும் முத்திப்போச்சுங்கறாங்க. சோறு நான்தான் ஊட்டுறேன்."

திருமலைசாமி கையிலிருந்த தாளை மறைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அது என்னங்க?" என்றார் பொன்னுலிங்கம்.

"ஒண்ணுமில்லீங்க."

"காட்டுங்க."

அவர் பிடிக்க முடியாது. திருமலைசாமி முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பொன்னுலிங்கம் மெதுவாகப் படித்தார். உதடுகள் அசைந்தன.

"நல்லாருக்குங்க" என்றார். "இதுபடி ஓட்டினா நான் எத்தனாவது வருவேன்?"

"ஏழாவது, எட்டாவதுங்க."

"அது போதுமுங்க எனக்கு."

சரோஜா காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"மலையில பஸ் ஓட்டறப்ப" என்றார் பொன்னுலிங்கம், "முன்னால ஒரு வண்டி தெரியணும். பின்னால ஒரு வண்டி தெரியணும். அப்பத்தான் மலை நம்மளை ஒண்ணும் பண்ணாது. பனியில ஒத்தையா மாட்டிக்கிட்டா வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாதுங்க."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அந்தக் கைரோ பிரிவுல அப்புறம் யாராச்சும் சேர்ந்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னும் நான்தான் முதலா."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. முகத்தின் தசைகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

திருமலைசாமி எழுந்தார். அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். அது திருப்பிப் பிடிக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

"அட, நீங்க சட்டப்படிதானுங்க செஞ்சீங்க" என்றார் பொன்னுலிங்கம்.

அவரிடமிருந்து திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. சிங்காநல்லூர் வந்து நேராக ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் ஆகியிருந்தது. டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் சொன்னார். தாளையும் காட்டினார்.

டீச்சர் படித்தார். கண் விரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களே சார்" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா டீச்சர்?"

டீச்சர் தயங்கினார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அவர் காரை நீங்க தராசுல வச்ச அன்னிக்கே."

திருமலைசாமி நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா அதையும் ஒரு சட்டமா எழுதி ஒட்டியிருப்பீங்க. நீங்களா கண்டுபிடிச்சாத்தான் அது உங்களுதுன்னு விட்டேன். காத்திருந்தேன்."

"நாலு மாசம்."

"ஆமா."

"நான் கத்துக்கறதுக்கு நாலு மாசம் ஆச்சுங்க டீச்சர்." அவர் குரல் உயரவில்லை. "அவர் கைக்கு இருந்ததே அந்த நாலு மாசந்தானுங்க."

டீச்சர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார்.

தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஓசையோடு போனது.

டீச்சர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

"சார்" என்றார். "அவர் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"