கொல்லிமலையை மறைத்த புகை

நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. புளுகுகிறவனுக்கு அது பெரிய வசதி. கேட்கிறவர்கள் காதைக் கிட்டே கொண்டுவந்துதான் கேட்டாக வேண்டும். கிட்டே வந்த காது பாதி நம்பின காது என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்கள் பட்டறையில் அந்த நினைப்பு ஒரு நாளும் பலித்ததில்லை.

பட்டறை என்றால் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. நான் அங்கே வெல்டர். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், நாலு மணி டீக்கு, பெயின்ட் அடிக்கக் காத்திருந்த லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். போர்மேன் நல்லுசாமி அண்ணன், சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற சகுந்தலா அக்கா, பெயின்டர் செங்கோடன், அப்புறம் நான். அண்ணன் மடியில் ஒரு நோட்டு. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்கு நடந்து ஏறப் போகிறவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பஸ் போகிற எழுபது கொண்டை ஊசி வளைவு வழி இல்லை. அடிவாரத்திலிருந்து காட்டுக்குள் புகுந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஆறு மணி நேர ஏற்றம். பதினோரு பெயர் எழுதியாகிவிட்டது. பன்னிரண்டாவதாக என் பெயர் ஏற வேண்டும். மலை ஏறுவதைவிட அந்த நோட்டில் ஏறுவது பெரும் பாடாக இருந்தது.

காரணம் இருந்தது. போன வருஷம் நானும் போனேன். போனேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அப்போது நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் குடிப்பேன். முதல் ஓடை தாண்டுவதற்குள் உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன், பிறகு என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க முடியாத நிலைக்குப் போனேன். நாலு பேர் ஒரு போர்வையின் நாலு முனையைப் பிடித்து என்னை இறக்கினார்கள். என்னோடு மொத்தக் கூட்டமும் இறங்கிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்காக ஆகாய கங்கை அருவியில் குளிப்பதாக வேண்டியிருந்த சகுந்தலா அக்கா, அடிவாரத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அன்றையிலிருந்து பட்டறையில் நான் பூபதி இல்லை, பார்சல். வாட்ச்மேன்கூட "பார்சல் வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்.

அதனால் இந்த வருஷம் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். இருபது நாள் ஒரு சிகரெட்கூடக் குடிக்காதவன்தான் கூட வரலாம். அன்றைக்கு எனக்கு இருபத்து மூன்றாவது நாள். சொன்னேன். செங்கோடன் டீயை உறிஞ்சிக்கொண்டே, நேற்று பெயின்ட் ஷெட்டுக்குப் பின்னால் புகை வந்ததே என்றான். அது வெல்டிங் புகை என்றேன். சாட்சி கேட்டான். ஒருத்தன் சிகரெட் குடித்ததைப் பார்க்க ஊரே இருக்கும். குடிக்காமல் இருந்ததை எவன் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்? வேறு வழி தெரியாமல் வாயைத் திறந்தேன்.

அண்ணா, மூன்றாம் நாளே என் மூச்சு திரும்பி வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். டீ சூடாக இருக்கிறதே என்று லேசாகத்தான் ஊதினேன். குனிந்து பார்த்தால் கிளாஸில் டீ இல்லை. எதிரே நின்ற லாரியின் கண்ணாடியில் இருந்தது, ஆடையோடு. அதற்கப்புறம் வேலையே செய்ய முடியவில்லை. ராடை வைத்துப் பொறி கிளப்புவேன், ஒரு மூச்சு விடுவேன், அணைந்துவிடும். மறுபடி கிளப்புவேன், மறுபடி அணையும்.

அண்ணன் முப்பது வருஷம் வெல்டிங் பார்த்தவர். கரண்டில் எரிகிற நெருப்பு, ஊதினால் எப்படி அணையும் என்று கேட்டார்.

"அதுதாண்ணா எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு" என்றேன்.

ஆறாம் நாள் மூக்கு திறந்தது. ஏழு வருஷம் புகையில் அடைத்துக் கிடந்த மூக்கு. திறந்ததும் முதல் வாசனை நாசிக்கில் இருந்து வந்தது. அங்கே ஒரு லாரியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழ் அடுக்கில் ஒரு மூட்டை அழுகல். பட்டறையில் நின்றபடியே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் லாரி நாமக்கல் வந்தது. பிரித்தால் கீழ் அடுக்கில் ரெண்டு மூட்டை அழுகல். அந்த இன்னொரு மூட்டை வழியில் அழுகியிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

செங்கோடன் சும்மா இருப்பானா? இன்றைக்கு அவன் டிபன் பாக்ஸில் என்ன என்று கேட்டான். நான் கண்ணை மூடி, காற்றை இழுத்து, கத்தரிக்காய்ப் பொரியல், உப்பு ஒரு கல் கம்மி என்று சொன்னேன்.

"நான் இன்னிக்கு டிபன் பாக்ஸே கொண்டுவரலடா."

"அதான் மாப்ள, வீட்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டே. அடுப்பு மேடையில, மிக்சிக்குப் பக்கத்துல இருக்குது. அங்கிருந்துதான் வாசம் வருது."

அவன் போனை எடுத்து வீட்டுக்குக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். கேட்கவில்லை. அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த தைரியம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது.

எட்டாம் நாள்தான் பெரிய விஷயம் என்றேன். விடிந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எல்லாரும் கிழக்கே கையைக் காட்டுகிறார்கள். அங்கே நீல நிறத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், ஒரு மலை. ராத்திரியோடு ராத்திரியாக முளைத்திருக்கிறது என்று ஒருத்தர் கற்பூரம் ஏற்றிவிட்டார். எனக்குத்தான் உண்மை தெரியும், வெட்கமாகப் போய்விட்டது. அது புது மலை இல்லை. நம் கொல்லிமலைதான். ஏழு வருஷமாக நான் விட்ட புகை அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நாமக்கல்காரர்கள் அதை மேகம் என்று நினைத்து, மழை வரும் மழை வரும் என்று துணி காயப்போடாமல் இருந்திருக்கிறார்கள்.

சகுந்தலா அக்கா ஊசியில் நூல் கோத்தபடி மெதுவாகச் சொன்னார், தான் பிறந்ததிலிருந்து தன் வீட்டு வாசலில் கொல்லிமலை தெரிகிறது என்று.

உங்கள் வீடு சேந்தமங்கலத்தில் இருக்கிறது அக்கா, புகைக்கு அந்தப் பக்கம் என்றேன். உங்களுக்குக் கொல்லிமலை தெரியும், நாமக்கல் தெரிந்திருக்காது. அக்கா யோசித்துவிட்டு, அதுவும் சரிதான், இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நாமக்கல்லைப் பார்த்தேன் என்றார். என்னைக் கேலி செய்தாரா, எனக்காக இரங்கினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

இருமல் என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. என் இருமலை வைத்துத்தான் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சங்கு ஊதியதாக நினைத்து வேலைக்கு வருவார்கள். பன்னிரண்டாம் நாள் அது கிளம்பிப் போய்விட்டது என்றேன். ஏழு வருஷம் நெஞ்சில் குடியிருந்த இருமல் ஒரு வார்த்தை சொல்லாமல் போகுமா? கடைசியாக ஒரு தடவை இருமிக் காட்டிவிட்டுப் போனது. அந்தச் சத்தத்தில் நம் ஷெட்டுத் தகரம் நாலு இப்போது ராசிபுரத்தில் இருக்கிறது. இருமல் ராசிபுரம் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனதாகக் கேள்வி. அதற்கப்புறம் அந்தக் கண்டக்டருக்கு விசில் தேவைப்படவில்லை.

செங்கோடன் அண்ணாந்து ஷெட்டைப் பார்த்தான். தகரம் எல்லாம் அப்படியே இருந்தது. அவன் கேட்பதற்குள், புதுசு மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் நோட்டை இன்னும் திறக்கவில்லை. டீ நேரம் முடிய அஞ்சு நிமிஷம்கூட இல்லை. கையில் இருந்த கடைசிச் சரக்கை இறக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணா. மலைக்கு ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று கொல்லிமலை பஸ்ஸில் ஏறினேன். நாற்பத்து ரெண்டாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. உங்களுக்குத் தெரியாததா, ஏர் லீக். டேங்க்கில் இருந்த காற்று மொத்தமும் போய், பிரேக் கவ்விப் பிடித்துக்கொண்டது. சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. ஐம்பது பேர், பலாப்பழ வியாபாரி ஒருத்தர், ஒரு கல்யாணக் கூட்டம். மேலே முகூர்த்த நேரம் நெருங்குகிறது. மாப்பிள்ளை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மெக்கானிக் வர மூன்று மணி நேரம் என்கிறார்கள். நான் இறங்கினேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். அறுந்த ஹோஸை நம் பட்டறை வழக்கப்படி சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினேன். டேங்க்குக்குப் போகிற குழாயை வாயில் வைத்தேன். கண்ணை மூடினேன். ஊதினேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லுசாமி அண்ணன் நிமிர்ந்தார். தொழில் விஷயம் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. மீட்டரில் முள் எவ்வளவு ஏறியது என்று கேட்டார்.

"முதல் ஊதுல நாலு கிலோ. ரெண்டாவது ஊதுல எட்டு. மூணாவதுக்கு வாயைக் கொண்டுபோனேன், டிரைவர் கால்ல விழுந்துட்டாரு, டேங்க் வெடிச்சுரும் சாமின்னு."

மிச்சம் இருந்த காற்றை வீணாக்கக் கூடாது என்று பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று லேசாக ஊதிவிட்டேன். மீதி இருபத்தெட்டு வளைவையும் எஞ்சின் போடாமல் ஏறிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் நான் கொஞ்சம் சாய்வாக ஊத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. அந்த நாதஸ்வரத்தையும் நானே வாங்கி ஊதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நல்லுசாமி அண்ணன் சிரித்தார். ஒரு வருஷமாக என் பக்கம் திரும்பிச் சிரிக்காத மனுஷன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "எழுதிக்கங்கண்ணா, பாவம்" என்றார் சகுந்தலா அக்கா. செங்கோடன்கூட மறுப்புச் சொல்லவில்லை. அண்ணன் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். பன்னிரண்டு என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் 'பூ' என்று எழுதினார். நான் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த எழுத்துக்கு முன்னால் ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்து, அக்கறையாகத்தான் கேட்டார்:

"ஏம்ப்பா, தம்மு இருக்குதா?"

ஆறு மணி நேர ஏற்றம். நெஞ்சு தாங்குமா, மூச்சு நிற்குமா என்று கேட்கிறார். பச்சைப் பிள்ளைக்குக்கூட அது புரியும். ஆனால் ஏழு வருஷமாக இந்தப் பட்டறையில் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருத்தன்கூட என் நெஞ்சைப் பற்றிக் கேட்டதில்லை. மூளைக்குச் சேதி போவதற்குள் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"ஒண்ணுதாண்ணா இருக்குது" என்றேன். "வேணும்னா நீங்க அடிங்க."

உள்ளங்கையில் அது கிடந்தது. சிகரெட் என்று சொன்னால்தான் தெரியும். வளைந்து, தட்டையாகி, வியர்வையில் காப்பிக் கறை மாதிரி நிறம் மாறி, ரெண்டு தடவை சட்டையோடு சேர்ந்து தண்ணீரில் நனைந்து காய்ந்தது. விட்ட அன்றைக்குப் பாக்கெட்டில் மிச்சம் இருந்த ஒன்று. தூக்கிப் போட மனசு வரவில்லை. போட்டுவிட்டால் புதுசு வாங்கிவிடுவேனோ என்று பயம். கை பரபரக்கும்போதெல்லாம் பைக்குமேல் தட்டிப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா, இருக்கிறது, அப்புறம் குடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவேன். கிராம்பைக் கடித்தேன், அக்காவின் ரெக்சின் நூலைக் கடித்தேன். ஒரு மத்தியானம் கம்ப்ரசருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த இருபத்து மூன்று நாளும் நடந்தது அவ்வளவுதான். அதை எப்படி நாலு பேருக்கு நடுவில் சொல்வது? சொல்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லையே.

இருந்தாலும் சொன்னேன். முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அத்தனையும் அப்படியே, ஒரு நூலைக்கூட நீட்டாமல் சொன்னேன்.

சகுந்தலா அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். செங்கோடன் காலி கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தான். நோட்டில் 'பூ' என்ற ஒற்றை எழுத்து அப்படியே நின்றது.

நல்லுசாமி அண்ணன் பேனாவை மூடினார்.

"பஸ்ஸுக்குக் காத்து ஊதுனேன்னு சொன்ன பாரு, அதையாச்சும் போனாப் போவுதுன்னு நம்பலாம்" என்றார். "சிகரெட்டைப் பையில வெச்சுக்கிட்டு இருபத்தி மூணு நாள் பத்தவெக்காம இருந்தானாமா."