கம்பளிப்பூச்சிக்கு ஓர் அதட்டு

மிராசுதார் வேதரத்தினம் வீட்டு முருங்கைமரத்திலிருந்து கம்பளிப்பூச்சிகள் ஜன்னல் வழியாகப் பேரப்பிள்ளைகளின் படுக்கைக்கு வந்தன. பிள்ளைகள் உடம்பெல்லாம் தடித்துப்போய் அழுதார்கள்.

“மரத்தில் ஒரு கிளைகூட ஒடியக் கூடாது. பூச்சியும் உள்ளே வரக் கூடாது. முடியாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே” என்றார் மிராசுதார், வேலைக்காரி பவுனிடம்.

“நான் சொன்னா பூச்சி கேக்குமாங்க? ஊரே உங்க குரலுக்குத்தான் அடங்குது. இன்னிக்கு ராத்திரி நீங்க பிள்ளைங்க படுக்கையில படுத்து ஓர் அதட்டுப் போடுங்க ஐயா.”

பெருமை தாங்காமல் மிராசுதார் அங்கேயே படுத்தார். விடிந்ததும் முதுகைச் சொறிந்துகொண்டே அரிவாளோடு ஓடி, ஜன்னலோரக் கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினார்.

அன்று பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்களின் அம்மா பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல” என்றாள்.

“ஐயாவுக்குச் சொல்லுங்கம்மா. பிள்ளைங்க அழுதப்ப அசையாத கிளை, அவர் சொறிஞ்சதும்தானே விழுந்துச்சு.”