பதினோராவது முள்

"டீச்சர், எனக்குப் பயமா இருக்குதுங்க."

செங்கோட்டுவேல் உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை அது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. மில்லில் எலக்ட்ரீசியன் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக ஒரு வீடியோ கேம் செய்கிறார். அதைச் செய்யக் கற்றுக்கொடுத்த பிரிசில்லாவுக்கு இருபத்தாறு. ஆகவே அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். கோவையில் இதெல்லாம் ஒரு அதிசயமில்லை.

"எதுக்குங்ண்ணா பயம்?"

"ஏழாவது பீட்டா இன்னைக்குச் சாயங்காலம் போகோணும். இதுவும் சரியில்லீன்னா மறுபடி மில்லுக்கே போயிடறேன்னு சம்சாரத்துகிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க."

விளையாட்டு எளிமையானது. ஒரு சிவப்புக் கட்டம் தானாக ஓடும். பாட்டின் தாளத்தில் அடி விழும்போது தட்டினால் குதித்து முள்ளைத் தாண்டும். தவறினால் சாவு, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பீட்டாவையும், அதாவது சோதனைப் பதிப்பையும், சிலருக்கு அனுப்பி ஆடிப் பார்க்கச் சொல்வார்.

"ஆறாவதுல என்னாச்சு?"

"முப்பது பேருக்கு அனுப்பினனுங்க. முப்பது பேரும் பதினோராவது முள்ளுல செத்துட்டாங்க. அங்க மட்டும் இடைவெளி கம்மி, ஒரு நூல் தவறினாலும் போச்சு. ஆனா நான் இருநூறு தடவை ஆடிட்டேன். ஒருக்கா கூடச் சாகலீங்க."

"முதல் பீட்டாவுல என்ன தப்பு இருந்துச்சு?"

அவர் யோசித்தார்.

"பாட்டு ஒரு இமைப்பொழுது பிந்தி வந்துச்சுங்க. ரெண்டாவதுலயே தானாச் சரியாப் போச்சு."

"தானாவா?"

"தானாத்தானுங்க."

பிரிசில்லா கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஆடுங்க."

ஆடினார். நெற்றி வியர்த்தது. பதினோராவது முள்ளைத் தாண்டினார். கடைசிவரை போனார்.

அவள் கை நீட்டி ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

"இன்னொருக்கா."

சத்தமே இல்லாமல் கட்டம் ஓடியது. பதினோராவது முள்ளையும் தாண்டியது. ஒரு தடவைகூடச் சாகவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்!" பயம் மறந்து சிரித்தார். "கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆடுவனுங்க."

"பாட்டே இல்லாம எந்தத் தாளத்துக்குக் குதிச்சீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் வயரைத் திரும்பச் செருகினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே ஆட உட்கார்ந்தாள்.

அடி விழுந்ததும் தட்டினாள். பத்து முள் தாண்டினாள். பதினோராவதில் செத்தாள்.

மறுபடி ஆடினாள், அதே இடத்தில் செத்தாள்.

மூன்றாவது தடவை காதை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அடியைக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். எட்டு. ஒன்பது. பத்து.

செங்கோட்டுவேல் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகிவிட்டது. டீச்சரே சாகிறாள் என்றால் முப்பது பேர் என்ன ஆவார்கள்? அவர் எழுந்தேவிட்டார்.

"பாட்டைக் கேக்காதீங்க டீச்சர்! அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தட்டுங்க!"

அவள் தட்டினாள். கட்டம் தாண்டியது.

கட்டம் தாண்டிய பிறகுதான் அடி விழுந்தது.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த முள்ளில் கட்டம் முட்டி உடைந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"பாட்டு இன்னமும் பிந்தித்தான் வருது. அப்பத் தானாச் சரியானது எதுங்ண்ணா?"

கட்டம் மறுபடி முதலிலிருந்து ஓட, பாட்டும் மறுபடி தொடங்கியது.

செங்கோட்டுவேல் தன் வலது ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தார். மூன்று வருடம் அவரோடு உழைத்த விரல்.

அது காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தட்டியது.