எட்டாவது சிரட்டை

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கு? கணக்குப் போட்டுச் சொல்லுங்க சார்."

கேட்டவள் ஜெசிந்தா. குளச்சலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பொன்னுலிங்கம். அவளைவிட நாலைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். இப்போது ஆரல்வாய்மொழியைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே, ஒற்றை வீட்டில் தனியாக இருந்தார். வெளியே போவதே இல்லை; அரிசியும் காய்கறியும் பால்காரர் கொண்டுவந்து போட்டுவிடுவார். நிகழ்தகவில் சிக்கல் என்றால் அவரிடம் போ என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எப்போ போனார்?"

"பெரிய புயல் வந்துச்சே சார். அதுக்கு முந்தின நாள்."

"கூடப் போனவங்க?"

"சிலர் உயிரோட கரையேறினாங்க. சிலர் உடம்பு மட்டும் வந்துச்சு. இவர் ரெண்டுலயும் இல்லை."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"பூசை வைக்கச் சொல்றாங்க. வெறும் பெட்டிய வச்சாவது கல்லறை கட்டச் சொல்றாங்க. மாமியார் மட்டும்தான் வருவான், வருவான்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஒரு எண் வேணும் சார். நூத்துக்கு இவ்வளவுன்னு. அது தெரிஞ்சா அதை வச்சுக்கிட்டு இருந்துருவேன்."

பொன்னுலிங்கம் சன்னலைப் பார்த்தார். காற்றாலையின் நிழல் முற்றத்தின் குறுக்கே விழுந்து, விலகி, மறுபடி விழுந்தது.

"எண் என்கிட்ட இல்ல டீச்சர். போடற வழி இருக்கு. சனிக்கிழமை வாங்க."

---

சனிக்கிழமை அவர் ஒரு நாணயத்தை அவள் கையில் கொடுத்தார்.

"தலை விழ என்ன வாய்ப்பு?"

"பாதி."

"சுண்டுங்க."

சுண்டினாள். தலை. மறுபடி சுண்டினாள். பூ. அவர் போதும் என்று சொல்லவில்லை. காலை முழுவதும் சுண்டிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் நகம் சிவந்து போனது.

"எதுக்கு சார் இது?"

"பாதின்னு சொன்னீங்களே. அது எப்ப விழுந்துச்சு?"

அவள் நாணயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழலை சார். ஒரு தடவைகூட விழலை."

அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

---

இன்னொரு சனிக்கிழமை, கரும்பலகையில் அந்தப் பக்கத்து மழை அளவுகளை வருடவாரியாக எழுதிவைத்திருந்தார். சராசரி காணச் சொன்னார்.

அவளுக்கு அது விளையாட்டுப் போல. கூட்டி, வகுத்து, விடையைக் கீழே எழுதினாள்.

"அந்த அளவு மழை எந்த வருஷம் பெஞ்சுச்சு?"

மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். ஒரு வருடம் அதிகம். ஒரு வருடம் குறைவு. ஒரு வருடம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

"எந்த வருஷமும் இல்லை."

"ம்."

"எங்க ஊர்லயும் இப்படித்தான் சார். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி எடுத்துக்கிட்டுப் போவாங்க. செத்தவங்க இருக்கிற வீட்டுக்காரங்க அழுவாங்க. இல்லாதவங்க சும்மா நிப்பாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கன்னு தெரியாம வீட்லயே இருந்துருவேன். ஒலிபெருக்கியில பாட்டு மட்டும் கேக்கும்."

பொன்னுலிங்கம் பலகையை அழித்தார். சராசரியை மட்டும் விட்டுவைத்தார். கொஞ்சம் யோசித்து அதையும் அழித்தார்.

---

வாய்ப்புகளைக் கூட்டவும் பெருக்கவும் படித்தாள். பைக்குள் கையை விடாமலே எந்த நிற மணி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லப் படித்தாள். ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொன்றின் வாய்ப்பு எப்படி மாறும் என்று படித்தாள். அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. வீட்டில் ஒருத்திக்காக உலை வைத்துவிட்டு, அடுப்படித் தரையிலேயே சாக்பீஸால் போட்டுப் பார்ப்பாள். வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை. புயலுக்குப் பிறகு ஒரு இரவுகூடப் போட்டதில்லை.

ஒருநாள் சொன்னாள்: "இப்ப எனக்குப் போடத் தெரியும் சார்."

"அப்படியா."

உள்ளே போனார். எட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து வந்து தரையில் வரிசையாகக் கவிழ்த்தார். ஒரு புளியங்கொட்டையைக் காட்டினார்.

"நீங்க வெளிய போய் நில்லுங்க. நான் காசைச் சுண்டுவேன். தலை விழுந்தா இந்தக் கொட்டைய ஏதோ ஒரு சிரட்டைக்கு அடியில வப்பேன். எதுன்னு சீட்டுக் குலுக்கி எடுப்பேன். பூ விழுந்தா வைக்கவே மாட்டேன்."

அவள் முற்றத்தில் நின்றாள். காற்று சேலையை இழுத்தது. அவர் கூப்பிட்டார்.

"கொட்டை இங்க இருக்க என்ன வாய்ப்பு?"

"பாதி."

"ஒரு சிரட்டையத் திறங்க."

திறந்தாள். இல்லை.

"இப்ப?"

கண்ணை மூடி யோசித்தாள். "இருக்கிற பக்கம் எட்டு வழி. இல்லாத பக்கமும் எட்டு வழின்னு வச்சுக்கிட்டா, மொத்தம் பதினாறு. இருக்கிற பக்கத்துல ஒண்ணு போச்சு. பதினஞ்சுல ஏழு."

"அடுத்தது."

இல்லை. பதினாலில் ஆறு.

இல்லை. பதின்மூன்றில் ஐந்து.

அடுத்ததிலும் இல்லை. "மூணுல ஒண்ணு ஆயிருச்சு," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

ஏழு சிரட்டைகள் மல்லாந்து கிடந்தன. ஒன்று கவிழ்ந்திருந்தது.

"சொல்லுங்க."

"ஒம்பதுல ஒண்ணு." கவிழ்ந்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வினோதம் சார். மொத்தமா பாத்தா குறைஞ்சுக்கிட்டே வருது. இந்த ஒரு சிரட்டைய மட்டும் பாத்தா ஏறிக்கிட்டே வருது. முதல்ல பதினாறுல ஒண்ணாதான் இருந்துச்சு."

"ஆமா."

"மத்த இடத்துல இல்லாம போகப் போக, பாரமெல்லாம் கடைசி இடத்து மேல ஏறுது."

"திறங்க."

அவள் கையை நீட்டினாள். சிரட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

காற்றாலை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும் இல்லியா சார்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப உங்களுக்கு எத்தனைல எத்தனை?"

"எனக்கு இதுல கணக்கே கிடையாது. கொட்டை இருக்கு, இல்லன்னா இல்லை. ஒம்பதுல ஒண்ணு சிரட்டைக்குள்ள இல்ல டீச்சர். அது உங்ககிட்ட இருக்கு."

அவள் கையை எடுக்காமலே இருந்தாள்.

"எங்கெல்லாம் தேடினீங்க?" என்று கேட்டார்.

"கொச்சி. மங்களூர். கோவா. லட்சத்தீவுக்கு ஆள் விட்டுக் கேட்டேன். ரத்னகிரி போனேன். எல்லா ஆஸ்பத்திரியிலயும் கேட்டாச்சு. பிணவறையிலயும் பாத்தாச்சு."

"மிச்சம்?"

"குஜராத்துல ஒரு துறைமுக ஊர். கடல்ல இருந்து மீட்ட ஆளுங்க, பேர் ஊர் தெரியாதவங்க, அவங்களை வச்சிருக்கிற இல்லம் ஒண்ணு இருக்காம். சிஸ்டர் ஒருத்தங்க சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

அவள் சிரட்டையையே பார்த்தாள். சொன்னது ரொம்ப நாளுக்கு முன்னால் என்று அவருக்குப் புரிந்தது.

"அங்க போயிட்டு வந்துட்டேன்னா, அதுக்கப்புறம் போறதுக்கு இடம் இல்லை சார்."

பொன்னுலிங்கம் திற என்று மறுபடி சொல்லவில்லை. மல்லாந்த சிரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டாள்: "உங்க வீட்ல யாரும் இல்லியா சார்?"

"மனைவி இருந்தா. ஆபரேஷன்னு சொன்னாங்க. பத்துக்கு ஒம்பது பேர் பொழைச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொன்னார். நானும் கணக்கப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்."

அவள் செருப்பு வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கணக்குல தப்பு இல்ல டீச்சர். பத்தாவது ஆள் என் வீட்ல இருந்தா. அவ்வளவுதான்."

அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்பது அவர் கதவைச் சாத்திய விதத்தில் தெரிந்தது.

---

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

பொன்னுலிங்கம் தேநீர் போடும்போது இரண்டு டம்ளரை எடுப்பார். பிறகு ஒன்றைத் திரும்ப வைப்பார். கவிழ்ந்த சிரட்டை கூடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றிப் பெருக்கினார். ஒருநாள் அதையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

தென்மேற்குக் காற்று வலுத்தது. இறக்கைகள் நிற்காமல் சுற்றின.

---

ஒரு காலையில் ஜெசிந்தா வந்தாள். தோளில் பெரிய பை. முகம் கறுத்து, மெலிந்திருந்தாள். சிரட்டை இருந்த இடத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"போயிட்டு வந்தேன் சார்."

"உக்காருங்க."

"அங்க இருந்தவங்களை எல்லாம் வரிசையா உக்கார வச்சுக் காட்டினாங்க. ஒவ்வொரு முகமா பாத்தேன். இவர் இல்லை."

அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"திரும்பி நடந்தேன். வராந்தா கடைசியில ஒரு வயசானவர், கம்பிய பிடிச்சுக்கிட்டு நின்னார். எங்க பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னையே பாத்தார். 'செல்லாத்தா, வந்துட்டியா'ன்னார்."

"தமிழா?"

"தமிழ் சார். அங்க யாருக்கும் தமிழ் தெரியாது. இத்தனை காலமா அவர் ஏதோ உளறுறார்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஊரு பேரு எதுவும் நினைவில்லை. செல்லாத்தாங்கிற ஒரு பேரு மட்டும் இருக்கு. கச்சான் காத்து அடிக்குது, வலைய ஏத்துன்னு சொன்னார். எங்க கரைப் பேச்சு இல்ல அது. ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு மாதிரி இருந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துட்டேன்னு சொன்னேன்."

காற்று ஒரு கதவை அடித்தது. அவர் எழுந்து போய்க் கொக்கி மாட்டிவிட்டு வந்தார்.

"சாப்பிட்டியான்னு கேட்டார். சாப்பிட்டேன்னேன். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டார். அதுக்கு எனக்குப் பதில் வரலை சார். சாயங்காலம் வரை பக்கத்துல உக்காந்திருந்தேன். கையை விடலை. அவரும் விடலை, நானும் விடலை. எந்திரிக்கும்போது, திரும்ப வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

"ஊருக்கு வந்ததும் முதல்ல கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார்கிட்ட எங்க வீட்டுக்காரர் பேரை இறந்தவங்க பூசைக்குக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை வாசிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கினேன்."

பொன்னுலிங்கம் தலையை ஆட்டினார்.

"இனிமே சனிக்கிழமை வர முடியாது சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டேன். இங்கிருந்து நேரா ராமநாதபுரம் கரைக்குத்தான் போறேன். ஒவ்வொரு ஊரா கேக்கணும். செல்லாத்தான்னு ஒருத்தி, புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பலைன்னு."

"அது அவர் மனைவி பேர்தானா?"

"தெரியாது சார். அம்மாவா இருக்கலாம். மகளா இருக்கலாம்."

"அவங்க உயிரோட இருக்கணும்."

"ஆமா."

"ஊரை விட்டுப் போகாம இருக்கணும்."

"ஆமா."

"ராமநாதபுரம்ங்கிறதே உங்க ஊகம்தான்."

"ஊகம்தான் சார்."

அவர் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போனார். வாய்விட்டுச் சொல்லவில்லை, விரல்கள் மட்டும் முழங்காலின் மேல் அசைந்தன. மிகச் சின்ன எண் ஒன்று வந்தது. அவள் கேட்பாள் என்று காத்திருந்தார்.

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பொன்னுலிங்கம் உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் எதையோ தேடினார். வெளியே வந்தபோது மடிப்புக் கோடு விழுந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதில் அந்துருண்டை வாசம் அடித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துத் தட்டினார். தோல் காய்ந்து விறைத்திருந்தது. காலை நுழைத்து அழுத்தினார்.

வாசற்படியில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, சாலை இருக்கும் பக்கத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இப்பல்லாம் பஸ் எங்க நிக்குது?"