கெட்டுப்போனது

வியாழக்கிழமையிலிருந்து உபதேசியார் அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப்பையில் கிடந்த கைபேசி அடித்துவிடுமோ என்று ஒரு பயம். அடிக்காமலே இருந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். முதல் பயத்தையாவது மனைவியிடம் சொல்லலாம். இரண்டாவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்தான் பிரசங்கம் செய்ய வேண்டும். பாடம், நோவா காலத்தில் பூமி கெட்டுப்போன கதை. பிரசங்கத்தின் முடிவில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் மகள் எப்சிபா கெட்டுப்போனவள், தன் வீட்டுக்கும் இந்தச் சபைக்கும் அவளோடு இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். சபைக் கமிட்டி அப்படி முடிவு செய்திருந்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா உபதேசியாரே?" என்று செயலாளர் கேட்டபோது மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

எப்சிபா திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனவள். பெண்டாட்டி பிள்ளை உள்ள ஒருவனோடு அங்கே குடித்தனம் வைத்துவிட்டாள் என்று முதலில் செய்தி வந்தது. அவன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பின்னால் இன்னொரு செய்தி வந்தது. வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள். அருமைநாயகம் பேச்சை முடிக்க விடாமல் துண்டித்துவிட்டார். மறுநாள் மனைவிக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அவளுடைய கைபேசி அணைந்து கிடந்தது. அதற்கப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தேரிக்காட்டு வழியாக ஜெபவீட்டுக்குக் கிளம்பினார். பாதி தூரம் போன பிறகுதான் செருப்பு போடாமல் வந்தது தெரிந்தது. செம்மணல் காலைச் சுட்டது. திரும்பிப் போகத் தோன்றவில்லை.

ஜெபவீட்டை நடத்துகிறவர் பிரிசில்லா அம்மா. வயதில் உபதேசியாருக்கு இளையவர். வேதாகமக் கல்லூரியில் எபிரேயு பாஷை சொல்லிக்கொடுத்தவர், ஒருநாள் போதுமென்று கிளம்பி வந்து தேரிக்காட்டோரம் ஓட்டுக்கூரை போட்டு உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் அவரிடம் வேதம் படிக்கப் போவது ஊருக்கெல்லாம் தெரியும். மீசை நரைத்தவனுக்குப் பொம்பிளை வாத்தியாரா என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆதியாகமம் வேதத்தில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே தெரியாது.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. இந்த வெயில்ல வெறுங்காலோடயா வந்திய?"

"ஒரு சந்தேகம்மா."

"மொதல்ல தண்ணி குடிங்க."

அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"வேதத்துல கெட்டுப்போச்சுன்னு வருதுல்லா, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"எந்த எடத்துல?"

"நோவா காலத்துல. நாளைக்கு அதான் பாடம்."

"நீங்க என்னன்னு நெனைக்கிய?"

அதை அவர் தயாராகவே வைத்திருந்தார். "பால் கெட்ட மாதிரிம்மா. கெட்ட பாலை நல்ல பாலோட சேத்தா அதுவும் திரிஞ்சுபோவும். பாவம் பாத்தா முடியுமா? கொட்டித்தான் ஆவணும். ஆண்டவரும் பூமியக் கொட்டிக் கழுவத்தான செஞ்சாரு."

"நல்லாத்தான் சொல்லுதிய." அம்மா கீரையை முறத்தில் போட்டார். "பூமி கெட்டுப்போச்சுன்னு எத வச்சு சொல்லுது வேதம்?"

"ஒழுக்கம் கெட்டத வச்சு."

"அப்படியா போட்டிருக்கு? மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க."

அருமைநாயகத்துக்கு அந்த அதிகாரம் தண்ணீர்பட்ட பாடு. உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"பூமி கொடுமையால நெறஞ்சிருந்துதுன்னு வருது."

"வேற? ஆட்டம் போட்டாங்க, வீட்ட விட்டு ஓடினாங்கன்னு?"

"அந்த எடத்துல அப்படி இல்லம்மா."

"கொடுமைதான் இருக்கு."

"ஆமா."

"கொடுமைன்னா எது அண்ணாச்சி?"

அவர் செம்பைக் கீழே வைத்தார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த கைபேசியைத் தொட்டது. பதில் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதப் பாத்து ஆண்டவருக்கு எப்படி இருந்துதாம்?" என்று அம்மா கேட்டார்.

"கோவம் வந்துது."

"கோவமா?"

மறுபடியும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷமும் இந்தப் பாடத்தைச் சொல்லும்போது பிரசங்க மேடையை ஓங்கி அடித்திருக்கிறார். பிள்ளைகள் அழுதிருக்கின்றன. கோபம் என்ற வார்த்தை அந்த இடத்தில் எங்கும் இல்லை.

"நெஞ்சு நொந்துதுன்னு இருக்கும்மா" என்றார் மெதுவாக.

அம்மா அடுத்த காம்பை எடுத்து உருவினார். அவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று அருமைநாயகம் தவித்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அப்போது வாசலில் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் மாடு வளர்க்கிற சுடலைக்கண்ணு, தலைத்துண்டு தோளில் தொங்க, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அம்மா, மாடு கெட்டுப்போச்சும்மா!"

"அய்யய்யோ, என்ன சீக்கு?" என்று அருமைநாயகம் எழுந்தார். "கோமாரியா? டாக்டருக்குச் சொல்லியாச்சா?"

சுடலைக்கண்ணு அவரை ஒருமாதிரி பார்த்தார். "சீக்கு என்னத்துக்கு வருது? கல்லு மாதிரி இருக்கும் உபதேசியாரய்யா. காலையில அவுத்து விட்டேன், மத்ததெல்லாம் வந்துட்டு, அது மட்டும் வரல. தேரிப்பக்கம் பூரா பாழுங்கிணறாக் கெடக்கு. ஈரக்கொல பதறுது. மைக்குல ஒரு வார்த்த சொல்லணும்."

ஜெபவீட்டுக் கூரையில் குழாய் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. காலையில் பாட்டுப் போடுவதற்கென்று கட்டியது. ஊரில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களுக்கும் ஆடு மாடு தொலைந்தாலும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தாலும் அதில்தான் அறிவிப்பு.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் நல்ல கொரலு" என்றார் அம்மா. "நீங்க சொல்லுங்க."

பாழுங்கிணறு என்ற வார்த்தையிலேயே அருமைநாயகத்துக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது. கீழே வைத்த செம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அன்பான ஊர் மக்களுக்கு ஓர் அறிவிப்பு. சுடலைக்கண்ணு அவர்களுடைய செவலை மாடு காலையிலிருந்து காணவில்லை." மைக்கைப் பொத்திக்கொண்டு, "அடையாளம்?" என்றார்.

"நெத்தியில வெள்ள. எடது கொம்பு உள்ள வளைஞ்சிருக்கும். கழுத்துல மணி இல்ல, நீலக் கயிறு."

சொன்னார்.

"பேரு லச்சுமி. பேரு சொல்லிக் கூப்பிட்டா நின்னு பாக்கும். அதட்டிரக் கூடாதுய்யா, மெரளுத மாடு. ஒருதரம் அதட்டிட்டா அப்புறம் பக்கத்துலயே வராது. அதயும் சொல்லிருங்க."

"மாட்டைக் கண்டவர்கள்..." அருமைநாயகம் நிறுத்தினார். கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "கண்டவர்கள் தயவுசெய்து அதட்ட வேண்டாம். மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடவும். அது பயந்துபோய் இருக்கும்."

பயந்துபோய் இருக்கும் என்பதைச் சுடலைக்கண்ணு சொல்லவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது.

"அது போதும்யா" என்றார் சுடலைக்கண்ணு. "நான் ஓடைப்பக்கம் பாக்கேன்."

"ஓடைப்பக்கந்தான் போச்சுன்னு தெரியுமா?" என்று அருமைநாயகம் கேட்டார்.

"தெரிஞ்சா ஏன்யா மைக்குல சொல்லுதேன்?"

போய்விட்டார்.

அருமைநாயகம் மைக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காற்று இல்லை. அவர் குரல் இன்னும் ஊருக்கு மேலே எங்கேயோ கேட்டுக்கொண்டிருப்பது போல அவருக்கு இருந்தது.

"கெட்டுப்போச்சுன்னதும் நான் சீக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அது பழைய பேச்சு அண்ணாச்சி. காணாமப் போனாலும் கெட்டுதுன்னுதான் சொல்லுவாங்க. மாடு கெட்டா தேடலாம்னு சொலவடையே உண்டுல்லா."

"மனுசர் கெட்டா தேடலாமான்னு அடுத்தாப்ல வருமே." நல்லவேளை தனக்கும் ஒரு சாட்சி கிடைத்தது என்பதுபோல் அவசரமாகச் சொன்னார்.

"வரும். கேள்வியாத்தான் வரும்."

அருமைநாயகம் அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"எப்சிபா பேசினாம்மா. வியாழக்கெழம. நான் யாருட்டயும் சொல்லல."

"என்ன சொன்னா?"

"'அப்பா, நான் கெட்டுப்போயிட்டேன்ப்பா'ன்னா. அவ்வளவுதான். அழுதா. நான், கெட்டது கெட்டதுதான்னு சொல்லி வச்சிட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனுஷன், ஊருக்கெல்லாம் ஜெபம் செய்கிறவர், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அம்மா தேற்றவில்லை. கீரை உருவுவது மட்டும் நின்றிருந்தது.



"பால் கெட்டாலும் அந்த வார்த்ததான். மாடு கெட்டாலும் அந்த வார்த்ததான். உங்க மவ எதச் சொன்னான்னு கேட்டியளா அண்ணாச்சி?"

அருமைநாயகம் துண்டை எடுத்தார்.  கைபேசியை எடுத்து அம்மா முன்னாலேயே மகளைக் கூப்பிட்டார். அது அணைந்தேதான் கிடந்தது. மறுபடியும் கூப்பிட்டார்.

"அவ எங்க இருக்கான்னு தெரியாதும்மா" என்றார். "இருக்காளான்னே தெரியாது."



அவர் எழுந்தார். வாசல்வரை போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் திருப்பூர் பஸ் உண்டு. அதில் ஏறினால் நாளைக்குப் பிரசங்க மேடையில் ஆள் இருக்காது. கமிட்டிக்காரர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து போயிற்று.

"நாளைக்கு உபதேசியார் எங்கன்னு கேப்பாங்களேம்மா?"

"கேக்கட்டும். நாளைக்கு நான் அங்க வாரேன். நோவா காலத்துல ஆண்டவரு செய்யாத ஒண்ணைச் செய்ய, கெட்டுப்போனதத் தேடப் போயிருக்காருன்னு சொல்லுதேன்."