மாமாமன்னர் ஆன கதை

மணிமேட்டு நாட்டை ஆண்ட தடந்தோள்மாறருக்குப் புகழ் என்றால் உயிர். அரண்மனைக்குக் கணினி வந்திறங்கிய அன்று, முதல் வேலையாகத் தன் பட்டங்களைத்தான் தட்டிப் பார்த்தார்.

ஒருநாள் சபையில் முழங்கினார்: “பத்தாயிரம் ஆவணங்களிலும் ‘மன்னர்’ என்று இருக்கும் இடத்தில் ‘மாமன்னர்’ என்று மாற்றவேண்டும். நாளை என் தாய்மாமா வருகிறார். அதற்குள் முடியவேண்டும்!”

கணினிக்குப் பொறுப்பு நப்பின்னை. “ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினால் ஒரு நொடி வேலை, அரசே.”

“அது என்ன பூதம்?”

“எதைத் தேடவேண்டும் என்று கணினிக்கு அடையாளம் சொல்வதுதான். முன்னால் என்ன வரலாம், பின்னால் என்ன வரக்கூடாது என்றுகூடச் சொல்லலாம். யோசித்து எழுத மதியம்வரை நேரம் வேண்டும்.”

தலைமை எழுத்தர் இடிமுழக்கனார் எகிறிக் குதித்தார். “ஒரு பட்டனை அமுக்க மதியம்வரை யோசனையா? இதோ, நானே செய்கிறேன்!”

செய்தும்விட்டார். அவர் பட்டனை அமுக்குமுன் நப்பின்னை பழைய ஆவணங்களை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கட்டியக்காரன் தாளைப் பார்த்துக் கூவினான்: “மாமாமன்னர் தடந்தோள்மாறர் வருகிறார்!”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“யாருக்கடா நான் மாமா?” என்று சீறினார் அரசர்.

“சில இடங்களில் முன்பே ‘மாமன்னர்’ என்றுதான் இருந்தது, அரசே,” என்றாள் நப்பின்னை. “அதற்குள்ளும் ஒரு மன்னர் இருக்கிறாரே! அவருக்கும் ஒரு ‘மா’ கொடுத்துவிட்டார் தலைமை எழுத்தர் ஐயா.”

“இவ்வளவுதானே!” இடிமுழக்கனார் ஓடினார். எங்கெல்லாம் ‘மாமா’ இருந்ததோ அங்கெல்லாம் ‘மா’ என்று மாற்றினார். அன்றைய உத்தரவுகளையும் அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பினார்.

சற்று நேரத்தில் நாதஸ்வரம் கேட்டது. மாமாவை வரவேற்க அரசர் வாசலுக்கு ஓடினார். பட்டத்து யானைமேல், முத்துக்குடைக்குக் கீழே, ஒரு மூட்டை அரிசி மாவு!

பாகன் தாளை நீட்டினான். “‘மாவை யானைமேல் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வரவும்’னு உத்தரவுங்க.”

சமையல்காரரும் வந்துவிட்டார். “‘மாவுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றவும்’னு எனக்குப் போட்டிருக்கு. அண்டா காயுது. மூட்டையை இறக்கலாங்களா?”

பின்னாலேயே, முழங்கால்வரை புழுதியோடு, நடந்தே வந்து சேர்ந்தார் தாய்மாமா. “எனக்கு ஒரு மாட்டுவண்டிகூடக் கிடையாதாடா, மாறா?”

அரசர் முகம் சிவந்தது. ஒரு வெற்றிலையை வாயில் திணித்தார். “நப்பின்னை! இதை நான் மென்று துப்புவதற்குள் எல்லாம் சரியாகவேண்டும். இல்லாவிட்டால் நாளைமுதல் நீ சாணி அள்ளுவது யானைக் கொட்டிலில்!”

நப்பின்னை தன் பிரதியை எடுத்தாள். ஒரே ஒரு வரி எழுதினாள்: முன்னால் ‘மா’ இல்லாத ‘மன்னர்’ மட்டும். அமுக்கினாள். மன்னரெல்லாம் மாமன்னரானார்கள். மாமா மாமாவாகவே இருந்தார். அரசர் வாயில் வெற்றிலை இன்னும் சிவக்கக்கூட இல்லை.

ஆனால் கோபம் அடங்கவில்லை. “அந்த இடிமுழக்கனின் தலையை எடு!”

இடிமுழக்கனார் இரு கைகளாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மனிதர் அவசரக்குடுக்கைதான், அதற்காகத் தலையையா வாங்குவது? நப்பின்னை சட்டென்று கணினியில் எதையோ தட்டினாள்.

“எடுத்துவிட்டேன், அரசே.”

“என்னம்மா உளறுகிறாய்? ஆள் முழுசாக நிற்கிறானே!”

நப்பின்னை திரையைத் திருப்பிக் காட்டினாள். “‘தலைமை எழுத்தர்’ என்று இருந்தது. உத்தரவுப்படி தலையை எடுத்தேன். இனி இவர் வெறும் ‘மை எழுத்தர்’. பிரிண்டருக்கு மை ஊற்றுவார்.”

அரசர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்து மாமாவின் வேட்டியெல்லாம் சிவந்துபோயிற்று.